வேட்டிக்கட்டும் ரிவால்வரும்: உறையை எங்கே மாட்டுவது?

கடலூர் மாவட்டத்திலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கிச் சொல்கிறேன். வயது 57. கொட்டை வாங்கவும் பருப்பு விற்கவும் கொல்லம் வரை போய் வருகிறார், பெரும்பாலும் தானே கார் ஓட்டிக்கொண்டு. போன வருடம் வசூலை முடித்துத் திரும்பும்போது இரண்டு பைக்குகள் வெகுதூரம் பின்தொடர்ந்திருக்கின்றன. ஒரு பெட்ரோல் பங்குக்குள் காரை விட்டுத் தப்பித்திருக்கிறார். அதன் பிறகு அலைந்து திரிந்து லைசென்ஸ் வாங்கி, கான்பூரில் செய்த .32 ரிவால்வர் ஒன்றை வாங்கிவிட்டார். மூன்று அங்குலக் குழல், ஆறு தோட்டா, எடை 700 கிராம். துப்பாக்கி கையில் வந்து நாலு மாதம் ஆகிறது, ஆனால் அதை எப்படி எடுத்துப் போவது என்றுதான் தெரியவில்லை என்கிறார்.

கேள்விகள் இவை. எப்போதும் வேட்டிதான் கட்டுகிறேன், எந்த உறை சரிப்படும்? நண்பர் ஒருவர் வெளியே தெரிகிற மாதிரி மாட்டு, பார்த்தாலே எவனும் கிட்ட வரமாட்டான் என்கிறார், சரியா? முதுகுப் பக்கம் செருகிக்கொள்ளலாமா? ஆறு தோட்டாவும் போட்டு வைக்கலாமா? நான் போகாத நாளில் வசூலுக்குப் போகும் மகனிடம் கொடுத்து அனுப்பலாமா? கடிதத்தின் நடுவே போகிற போக்கில் இன்னொன்றையும் எழுதியிருக்கிறார்: ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறாராம்.

ஐயா, உங்கள் கடிதத்தில் பாதி என் வக்கீல் தொழில் சம்பந்தப்பட்டது, மீதி என் இடுப்பு சம்பந்தப்பட்டது. ஆயுத லைசென்ஸ் வழக்குகள் நிறையப் பார்த்திருக்கிறேன், என்னிடமும் ஒரு .32 இருக்கிறது. 18 வருடமாக இருக்கிறது. அதை வெளியே எடுத்துப் போன நாட்களை எண்ணுவதற்குக் கை விரல், கால் விரல் போதும். இதை இப்போதே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. எந்த உறை என்பதற்கு முன்னால், இன்றைக்கு இதை எடுத்துப் போக வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். அடக்கமாகவும் முழுக் கட்டுப்பாட்டிலும் வைத்துக்கொள்ள முடியாத நாள் என்றால் அன்றைக்கு அது பீரோவில் பூட்டிக் கிடக்கட்டும்.

வெளியே தெரிய மாட்டலாமா?

கூடாது. உங்கள் நண்பர் சினிமா பார்த்துவிட்டுச் சொல்கிறார். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துப் போனால் அது அதற்கென்று செய்த உறையில், உடம்போடு மாட்டப்பட்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள்பை மாதிரி ஒன்றுக்குள் இருக்க வேண்டும். எப்படி இருந்தாலும் முழுதாக மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். எடுத்து ஆட்டிக் காட்டுவதும் பொது இடத்தில் சுடுவதும் அறவே கூடாது. ஆக, உறை என்பது வசதிக்காக வாங்குகிற சாமான் மட்டும் இல்லை, சட்டம் கேட்பதே அதைத்தான். வேட்டி மடிப்பில் வெறுமனே செருகிக்கொண்டால் உறையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. விதியையோ லைசென்ஸ் நிபந்தனையையோ மீறினால் ஆயுதச் சட்டம் 30-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2000 ரூபாய்தானே என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு லைசென்ஸை ரத்து செய்ய ஏன் கூடாது என்று ஒரு நோட்டீஸ் வரும், அதுதான் உண்மையான தண்டனை.

என் கட்சிக்காரர் ஒருவரின் கதை. கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்காரக் குனிந்தபோது இடுப்பிலிருந்து ரிவால்வர் நழுவி இலைக்குப் பக்கத்தில் விழுந்தது. வெடிக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எதிர் வரிசையில் இருந்த ஒரு பையன் போனில் எடுத்துவிட்டான். அந்த லைசென்ஸைக் காப்பாற்ற எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று.

சட்டத்தை விட்டுத் தள்ளுங்கள், வெளியே தெரிந்தால் பயப்படுவான் என்பதே தவறான கணக்கு. பணப்பையைக் குறிவைத்து வருகிறவனுக்கு உங்கள் இடுப்பில் இன்னொரு விலையுள்ள பொருள் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கிறீர்கள், அதுவும் பின்னால் இருந்து கைபோட்டு உருவக்கூடிய இடத்தில்.

இடுப்பில் எந்தப் பக்கம்?

நீங்கள் வலதுகைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். முதுகுத் தண்டுக்கு நேராகச் செருகுவதை இன்றே மறந்துவிடுங்கள். மல்லாக்க விழுந்தால் முக்கால் கிலோ இரும்பு முதுகெலும்பில் குத்தும். போதாததற்கு கார் சீட்டில் சாய்ந்தால் எடுக்கவே முடியாது, பின்னால் நிற்கிறவன் கைக்குத்தான் வசதி. தொப்புளுக்குப் பக்கத்தில், முன்பக்கம் செருகும் பழக்கம் இப்போது வீடியோக்களில் பிரபலம். இளவட்டங்களுக்கு ஒத்துவரலாம். உங்களுக்குத் தொந்தி உண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உட்கார்ந்தால் கைப்பிடி வயிற்றைக் குத்தும், குழல் தொடையின் பெரிய ரத்தக் குழாய் ஓடும் இடத்தைப் பார்த்தபடி இருக்கும். சின்னத் தவறுக்கும் அங்கே மன்னிப்பு கிடையாது.

கணுக்காலில் கட்டுவது உட்கார்ந்தபடி எடுக்க நல்லதுதான், ஆனால் வேட்டியில் அது நடக்காது, சர்க்கரை வியாதிக்காரர் காலில் இறுக்கிக் கட்டுகிற விஷயமும் இல்லை. பாக்கெட்டில் வைப்பது இன்னும் சின்ன, அரைக் கிலோவுக்குள் இருக்கும் துப்பாக்கிகளுக்கு ஓரளவு சரி, அப்போதும் அதற்கென்று தனி உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை எதுவும் இருக்கக்கூடாது. உங்களுடையது ஜிப்பா பையில் போட்டால் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு ஊருக்கே சொல்லும்.

மிச்சம் இருப்பது வலது இடுப்பு, எலும்புக்குச் சற்றுப் பின்னால். கை இயல்பாகப் போய் விழும் இடம், கீழே விழுந்தாலும் ஆபத்து குறைவு, குழல் தரையைப் பார்க்கும், சட்டையை வெளியே விட்டால் மூடிவிடும். நம் ஊர் காரில் ஓட்டுநர் சீட் பெல்ட் வலது தோளிலிருந்து இறங்கி இடது இடுப்பில் கொண்டியில் மாட்டுகிறது. அதனால் இடதுபக்கம் மாட்டி வலது கையால் குறுக்கே எடுக்கும் முறை உங்களுக்குப் பெல்ட் கொண்டியோடு சண்டை போடும். வலது பக்கத்திலும் கதவு இடிக்கும், பெல்ட்டின் கீழ்ப்பட்டை சட்டைக்கு மேல் குறுக்கே ஓடும், ஆனால் அது சமாளிக்கக்கூடியது. தோட்டா இல்லாத துப்பாக்கியோடு, ஷெட்டுக்குள் நிற்கும் உங்கள் காரிலேயே பத்து முறை ஏறி இறங்கிப் பாருங்கள், நான் சொல்வதைவிட அது அதிகம் சொல்லும்.

இப்போது வேட்டி. உங்களுக்குப் பிடிக்காத பதில்தான். வசூலுக்குப் போகும் அன்றைக்குப் பேண்ட் போடுங்கள். வேட்டியின் மேல் கட்டும் பச்சை பெல்ட் பர்ஸும் போனும் தாங்கும், அவ்வளவுதான். தோட்டாவோடு சேர்த்து முக்கால் கிலோவைத் தாண்டும் பாரத்தை அதில் மாட்டினால் உறை வெளிப்பக்கமாகச் சாயும், நடக்க நடக்க வேட்டியும் இறங்கும், அரை மணிக்கு ஒருதரம் இடுப்பைத் தூக்கி விட்டுக்கொண்டிருப்பீர்கள், பார்க்கிறவனுக்கு அதுவே போதும். பேண்ட்டுக்கும் துணிக்கடையில் விற்கும் மெல்லிய பெல்ட் ஆகாது. ஒன்றரை அங்குல அகலத்தில், இரட்டைத் தோல் வைத்துத் தைத்த விறைப்பான பெல்ட் வேண்டும். உறைக்குச் செலவு பண்ணிவிட்டு பெல்ட்டில் மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் ஆறு மாதத்தில் துப்பாக்கியை டேஷ்போர்டில் போட ஆரம்பிக்கிறார்கள். டேஷ்போர்டில் போட்டுவிட்டு டீக்கடைக்கு இறங்கினால் அது உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேட்டியை விடவே மாட்டேன் என்றால் ஒரே வழி, பனியனுக்கு மேல் சட்டைக்கு உள்ளே அணியும் அகலமான எலாஸ்டிக் பட்டை. வேட்டிக்கட்டுக்கு மேலே உட்காரும், வேட்டி அதைத் தாங்க வேண்டியதில்லை. ஆனால் அதில் ட்ரிக்கர் பகுதிக்குக் கெட்டியான மூடி இருக்கிற மாதிரிதான் வாங்க வேண்டும். வெறும் துணிப் பட்டை என்றால் வேண்டாம். அதில் வியர்வை இன்னொரு தலைவலி. சித்திரை வெயிலில் ஒரே நாளில் இரும்பில் செம்புள்ளி பூத்துவிடும்.

உறையில் என்ன பார்ப்பது?

நிறம், பிராண்டு, பித்தளைப் பொத்தான் எல்லாம் அப்புறம். முதல் விஷயம், ட்ரிக்கரும் அதைச் சுற்றிய வளையமும் முழுக்க மூடியிருக்க வேண்டும். உறையின் வெளிப்பக்கம் விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே ட்ரிக்கர் அசைகிற மாதிரி இருந்தால் அதை வாங்காதீர்கள். அப்புறம் பிடிப்பு. தோட்டாக்களை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோமா என்று இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு, மெத்தைக்கு மேலே உறையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். விழுந்தால் பந்திக் கதைதான். மூன்றாவது, துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். வாய் மூடிக்கொள்ளும் தொளதொள உறைக்குத் திரும்ப வைக்க இரண்டு கை வேண்டும், மடிந்த தோல் ட்ரிக்கரில் மாட்டினால் உங்கள் காலில்தான் வெடிக்கும். பழசாகிப்போன தோல் உறையில் இது நடப்பதுண்டு. ஆகவே கடையில் ஆணியில் தொங்கும் 'எல்லா ரிவால்வருக்கும் பொருந்தும்' நைலான் உறை வேண்டவே வேண்டாம்.

கெட்டித் தோலா, கைடெக்ஸ் என்கிற அச்சு வார்த்த பிளாஸ்டிக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கைடெக்ஸுக்கு வியர்வை ஏறாது, வாய் மூடிக்கொள்ளாது, ஆனால் அது குறிப்பிட்ட ஒரு மாடலுக்கே அச்செடுப்பது. ஆன்லைனில் பார்க்கிற பெரும்பாலானவை அமெரிக்க ரிவால்வர்களின் அளவு, சிலிண்டர் (தோட்டா போடும் உருளை) கனத்திலிருந்து சட்டகம் வரை உங்களுடையதோடு ஒத்துப்போகாது. அதனால் நம் ஊரில் நடைமுறைக்குத் தோல்தான். உங்கள் துப்பாக்கிக்கே அளவெடுத்து, ஈரத் தோலை அதன் மேல் படிய வைத்துச் செய்கிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள். ஹேமருக்கு, அதாவது தோட்டாவை அடிக்கும் சுத்தியலுக்கு, பின்னால் ஓடி, கட்டைவிரலால் தட்டினால் திறக்கும் வார் ஒன்று கேளுங்கள். குழலை மடக்கித் திறக்கும் மாதிரி என்பதால், அந்த மடிப்பைப் பூட்டும் கொண்டியை உறை எங்கும் அழுத்தவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய போலீஸ் பாணியில் மேல்மூடி போட்ட உறை எடுக்கத் தாமதம்தான், மூடுவதில் அதற்கு நிகர் இல்லை. சட்டைக்குள் தடித்துத் தெரியும் என்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

திரும்ப வைக்கும்போது கண்ணால் பார்த்து, அவசரப்படாமல் வையுங்கள். விபத்துகள் பெரும்பாலும் எடுக்கும்போதைவிட வைக்கும்போது நடக்கின்றன. சட்டை நுனி, பேண்ட் நாடா, அரைஞாண் கயிறு, எது வேண்டுமானாலும் ட்ரிக்கரில் மாட்டலாம். உங்கள் ரிவால்வரில் ஹேமர் வெளியே தெரிகிறது, அது ஒரு வசதி. கட்டைவிரலை அதன் மேல் வைத்தபடியே உள்ளே இறக்குங்கள். ட்ரிக்கரை ஏதாவது இழுத்தால் ஹேமர் எழும்புவது விரலுக்குத் தெரிந்துவிடும், நிறுத்திவிடலாம்.

கழிவறையைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். வழியில் லாட்ஜிலோ பங்கிலோ போக வேண்டி வரும், உங்கள் வயதில் அடிக்கடியே வரும். துப்பாக்கியை மட்டும் எடுத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்துவிட்டு மறந்து வந்தவர்கள் உண்டு. உறையிலிருந்து எடுக்காதீர்கள், வாரைப் போட்டபடி உறையோடு சேர்த்துக் கழற்றிக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். குத்துக்கால் வைக்கிற இடத்தில் இடுப்பிலேயே விட்டுவிட்டு உட்காருவது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும் உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, லேசாக எண்ணெய் போட்டுத் தனியே பூட்டுங்கள். தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைக்கும், வாரக்கணக்கில் உறையிலேயே கிடந்தால் துரு நிச்சயம்.

ஆறு தோட்டாவுமா?

ரிவால்வரில் ட்ரிக்கரை இழுக்கும்போது சிலிண்டர் ஒரு அறை சுழன்று, அடுத்த தோட்டா ஹேமருக்கு நேராக வரும். அதனால் ஹேமருக்குக் கீழே இருக்கிற அறையைக் காலியாக விட்டு ஐந்து மட்டும் போட்டாலும் முதல் இழுப்பிலேயே வெடிக்கும், நஷ்டம் ஒரு தோட்டா. ஹேமரில் அடிபட்டால் அது தோட்டாவைத் தொடாமல் தடுக்கும் அமைப்பு உங்கள் மாடலில் இருக்கிறதா என்று வாங்கிய கடையிலோ துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடமோ கேளுங்கள். தெளிவான பதில் வரும்வரை ஐந்துதான். உங்களுக்கு நேரக்கூடிய எந்தச் சூழ்நிலையையும் ஆறாவது தோட்டா மாற்றப் போவதில்லை.

மகன், தலையணை, கொல்லம்

மகனிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். லைசென்ஸ் குடும்பத்துக்கு இல்லை, உங்களுக்கு. பழுது பார்க்கவோ புதுப்பிக்கவோ உங்கள் உபயோகத்துக்காகவோ, உங்கள் எழுத்துப்பூர்வ அனுமதியோடு இன்னொருவர் எடுத்துப் போகச் சட்டத்தில் இடம் உண்டு. மகன் தன் பாதுகாப்புக்கு இடுப்பில் மாட்டிக்கொண்டு வசூலுக்குப் போவது அதில் சேராது. அது லைசென்ஸ் இல்லாத ஆயுதம், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. அவருக்குத் தேவை என்றால் அவரே தனியாக விண்ணப்பிக்கட்டும்.

கொல்லம் போவதாக எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸைத் திறந்து, எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் எல்லை தாண்டியதும் நீங்கள் லைசென்ஸ் இல்லாத ஆள். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்பதால் லைசென்ஸும் கூடவே வர வேண்டும். திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி கல்லூரி வளாகம் இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடாது என்று லைசென்ஸ் நிபந்தனையிலேயே இருக்கும். பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு அப்படியே வசூலுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வழியை மாற்றுங்கள். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், கோபப்படாமல் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

தலையணை விஷயம்தான் கடிதம் முழுவதிலும் என்னைக் கலங்கடித்தது. அரைத் தூக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் அது யாராக இருக்கும்? பாத்ரூமுக்கு எழுந்த உங்கள் வீட்டம்மாதான். ஆறு வயதுப் பேரன் காலையில் உங்கள் படுக்கையில் ஏறி விளையாடுகிறவன். லைசென்ஸ் கேட்கும்போது பத்திரமாகப் பூட்டி வைப்பேன் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள், தலையணை பூட்டு ஆகாது. சுவரிலோ பீரோவுக்குள்ளோ போல்ட் போட்ட சின்ன இரும்புப் பெட்டி, தோட்டா வேறு இடத்தில், சாவி உங்களிடம். அந்தப் பைக் சம்பவத்துக்குப் பிறகு தூக்கமே சரியில்லை என்கிறீர்கள். அதற்கு மருத்துவரைப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. தூக்கமும் மனசும் ஒரு நிலைக்கு வரும்வரை தோட்டாவை மகன் பொறுப்பில் பூட்டி வைக்கலாமா என்றுகூட யோசிக்காதீர்கள், சாவி கைமாறினால் மேலே சொன்ன சிக்கல். துப்பாக்கியையும் தோட்டாவையும் சேர்த்து லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஸ்டேஷனிலோ ஒப்படைத்து வைக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பையைப் பறித்துக்கொண்டு ஓடினால்?

சுடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், எழுத்தில் தெரிகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. கொள்ளையைத் தடுக்கும்போது உயிர் போகுமளவுக்குக் கூட அந்த உரிமை நீள்வது உண்மைதான். ஆனால் அவன் உங்களைத் தாக்கிக்கொண்டோ, அடைத்து வைத்துக்கொண்டோ, உடனே கொன்றுவிடுவான், காயப்படுத்துவான் என்ற பயம் நீடித்துக்கொண்டோ இருக்கும்வரைதான். பையோடு முதுகைக் காட்டி ஓடுகிறவனை அந்தப் பயத்துக்குள் கொண்டுவருவது மிகக் கஷ்டம். தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது, போலீஸ் உதவியைத் தேட நேரம் இருந்தால் இந்த உரிமையே இல்லை, இவையும் அதே அத்தியாயத்தில் இருக்கின்றன. முதுகில் பாய்ந்த குண்டை வைத்துக்கொண்டு கோர்ட்டில் பேசுவது எவ்வளவு சிரமம் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பங்குக்குள் காரை விட்டீர்களே, இதுவரை நீங்கள் செய்ததிலேயே அதுதான் மிகச் சரியான காரியம், அன்றைக்கு இடுப்பில் ரிவால்வர் இருந்திருந்தாலும் அதையேதான் செய்யச் சொல்லியிருப்பேன்.

ஒரு வக்கீலாக இதையும் கேட்டாக வேண்டும்: ஏன் இவ்வளவு ரொக்கம்? ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரி அபராதம் வரும். வங்கி வழியாக வரக்கூடிய பணத்தை வங்கி வழியாக வரவிட்டால், மாதத்தில் எத்தனை நாள் துப்பாக்கி தேவைப்படும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ நாள்தான் என்றால் பேண்ட் போடுவதில் அவ்வளவு கஷ்டம் இருக்காது.

உறை தைக்கக் கொடுக்கும்போது துப்பாக்கியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். தோட்டாக்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, லைசென்ஸோடு போய், அளவெடுக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து, கையோடு திரும்ப எடுத்து வாருங்கள்.